கரைகாத்தாள் என்றொரு சாமி இல்லை

அவைக்கு அணியாகவும் எனக்கு அச்சமாகவும் அமர்ந்திருக்கும் தலைவர், எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குக் கற்பிக்க முயன்று, முயன்று, தோற்று, 'நீ தமிழ்ப் பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்' என்று வழியனுப்பி வைத்த தலைமையாசிரியர் கலியமூர்த்தி ஐயா அவர்களே! வரவேற்புரை என்ற பெயரில் என் வயதை மஞ்சக்குப்பம் முழுவதற்கும் ஒலிபெருக்கியில் அறிவித்த மன்றச் செயலாளர் அவர்களே! வெள்ளைத் தலைகளால் முன்வரிசையை வெண்பட்டு விரித்தது போல் ஆக்கிவைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அதைவிடப் பெரும்பாடுபட்டுத் தொலைக்காட்சித் தொடரையும் அணைத்துவிட்டு, பிள்ளைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! சைக்கிளில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, பேச்சு பிடித்தால் இருப்போம், பிடிக்காவிட்டால் மிதிப்போம் என்ற தெளிந்த கொள்கையோடு வந்திருக்கும் தம்பிகளே! மூன்றாவது வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு என் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுக்கொண்டிருக்கும் என் துணைவியார் இளமதி அவர்களே! அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, இரண்டு வருடமாக என்னோடு பேசாமல் இருந்துவிட்டு இன்று வந்து உட்கார்ந்திருக்கும் என் நண்பர், இயற்பியல் ஆசிரியர் சார்லஸ் அவர்களே! உங்கள் எல்லோர் முன்னும் கைகூப்பி நிற்கிறேன். இந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் கூப்பியபடியே வைத்திருக்க அனுமதி கொடுங்கள். இன்றைக்கு வணக்கம் சொல்வதற்கு மட்டும் இவை கூடவில்லை.

'இந்துமாக்கடலின் இன்பத்தீவு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். 'மொரீசியஸ் சென்று வந்த நகைச்சுவைத் தென்றல் கொளஞ்சியப்பன் வயிறு குலுங்க வைப்பார்' என்று சுவரொட்டி வேறு. என்ன தம்பி? ஆமாம், தென்றல்தான். அந்தப் பட்டத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நானே அச்சகத்தில் சொல்லிப் போட்டுக்கொண்டது. உண்மையை ஒப்புக்கொள்ள வந்த இடத்தில் சின்ன உண்மையிலிருந்து ஆரம்பிப்போம்.

நம்ம மாவட்டத்துப் பேச்சாளனுக்கு ஊதியம் என்ன? பொன்னாடை! உணவு என்ன? பொன்னாடை! ஊருக்குத் திரும்பப் பேருந்துக் கட்டணம் கேட்டால் என்ன கொடுப்பார்கள்? இன்னொரு பொன்னாடை! அதைத் துண்டாகப் பயன்படுத்தலாம் என்றால் ஈரத்தை இழுக்காது. போர்வையாகப் பயன்படுத்தலாம் என்றால் முழங்காலோடு முடிந்துவிடும். பிறகு அதை என்ன செய்வது? அடுத்த மேடையில் அடுத்தவர் தோளுக்கு அனுப்புவது. பண்ருட்டியில் என் தோளில் விழுந்த ஆடையை நெல்லிக்குப்பத்தில் ஒருவருக்குப் போர்த்தினேன். அடுத்த ஆண்டு விருத்தாசலத்தில் அதுவே என் தோளுக்குத் திரும்பி வந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? இளமதி அதில் சிந்திய சாம்பார்க் கறை அப்படியே இருந்தது! தலைவர் ஐயா, சிரிக்கிறீர்கள். இன்று எனக்குப் போர்த்தியதை நீங்கள் எங்கே வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

இதில் யாருக்கும் குற்றமில்லை. கொடுப்பவருக்கும் தெரியும், கொள்பவருக்கும் தெரியும், கைதட்டும் கூட்டத்துக்கும் தெரியும். அதே போலத்தான் மேடையில் சொல்லும் சொல்லும். 'இமயமே' என்று ஒருவரை அழைத்தால் அவர் போய்ப் பனியில் நிற்கப்போகிறாரா? இல்லை. நாம் இப்படிப் பழகியவர்கள். நம் பழக்கம் தெரியாத ஒரு தீவுக்கு, இந்தப் பழக்கத்தையும் பதினோரு பழைய பொன்னாடைகளையும் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒருவன் போனான். அவன் பெயர் கொளஞ்சியப்பன்.

அழைத்தவர் பொன்னுரங்கம். அந்தத் தீவில் பிறந்து, நம்ம சிதம்பரத்தில் விடுதியில் தங்கித் தமிழ் படித்து, அங்கே போய்த் தமிழாசிரியராக இருப்பவர். 2007 தைப்பூசத்துக்கு அவர்கள் சங்கத்தில் பேசக் கூப்பிட்டார். விமான நிலையத்தில் கால் வைக்கிறேன், 'வாங்க மாமா, சிதம்பரத்துல மழையா?' என்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தத் தீவை என்னவென்று சொல்வேன்! கரும்பு, கரும்பு, கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. நெல்லிக்குப்பத்துக் கரும்புக்குக் கடல் வேலி கட்டியது போல். ஒரே தெருவில் ஒரு மாதாகோயில், அடுத்து ஒரு மசூதி, எதிரே சீனர் கோயில், திரும்பினால் முருகன். ரூபாய்த் தாளை விரித்தால் அதில் தமிழ்! எங்களைக் காரில் அழைத்துப் போன ழான், ஆப்பிரிக்கர் வழிவந்த கிறித்தவர். அவரும் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுக்கிறார். 'ஏன் எடுக்கிறீர்கள்?' என்றேன். 'பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கிறாரே, அவர் தனியாகவா நடப்பார்?' என்றார். காவடி போகும் வழியில் ஒரு சீனப் பாட்டி குடத்தோடு நின்று நடப்பவர் காலில் தண்ணீர் ஊற்றுகிறார். எலுமிச்சம்பழம் மூட்டை மூட்டையாக ஒரு முஸ்லிம் கடையிலிருந்து வருகிறது. வாழையிலையில் ஏழு கறி வைத்து எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்கிறார்கள். பூசையில் தமிழைப் பாடுகிறார்கள். பாடியது என்ன என்று கேட்டால் பொருள் தெரியாது என்கிறார்கள். பொருள் தெரியாமலே நூற்று நாற்பது வருடம் ஒரு மொழியைப் பிள்ளைக்குப் பிள்ளை கைமாற்றியிருக்கிறார்கள்! பொருள் தெரிந்த நான் என்ன செய்தேன்? சொல்கிறேன்.

விழாவுக்கு முந்தைய நாள் பொன்னுரங்கம் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். வீட்டுக்காரர் பெயர் தேவகி. அறுபது வயதைக் கடந்த அம்மையார், ஓய்வுபெற்ற செவிலியர். பிரெஞ்சு தெரியும், ஆங்கிலம் தெரியும், வீட்டில் பேசும் கிரியோல் தெரியும். தமிழில் தெரிந்தது பத்துப் பன்னிரண்டு சொற்கள். அதில் ஒன்று 'தம்பி'. என்னைப் பார்த்ததும் அதைச் சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கப்பலேறிய காலத்துப் பதிவேட்டின் நகல். 'அமிர்தம். பெண். வயது பத்தொன்பது. இடக் கன்னத்தில் தழும்பு. ஊர் கிள்ளை.' அவ்வளவுதான். நம்ம சிதம்பரத்தை ஒட்டிய கடலோரக் கிள்ளைதான். அந்த அமிர்தம் அவருடைய பாட்டிக்குப் பாட்டி.

தேவகி அம்மா ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். 'எங்கள் வீட்டுப் பூசையில் குலசாமி பெயரைச் சொல்லும் இடம் ஒன்று வரும். மற்ற வீடுகளில் பெயர் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பெயர் தெரியாது. அந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவோம். என் அம்மாவும் அப்படித்தான், அவர் அம்மாவும் அப்படித்தான். தம்பி, கிள்ளையில் எங்கள் சாமி எது?'

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எல்லாம் அறிந்தவன் போல் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகை எனக்கு நன்றாக வரும். இளமதிக்கு அது தெரியும்.

மறுநாள் மேடை. எண்ணூறு பேர். நான் ஒரு வாக்கியம் சொல்ல, பொன்னுரங்கம் கிரியோலில் சொல்ல வேண்டும். முதல் நகைச்சுவையை எடுத்து வீசினேன், பெண்டாட்டி புருஷன் மேல் இட்லியைத் தூக்கி எறிந்த கதை. நம்ம ஊரில் இருபது வருடமாகத் தோற்காத கதை! பொன்னுரங்கம் சொல்லி முடித்தார். எண்ணூறு முகங்களும் கவலையோடு என்னைப் பார்த்தன.

'என்னாச்சிங்க?' என்று காதோரம் கேட்டேன்.

'இட்லின்னா என்னான்னு கேக்கறாங்க மாமா. நீங்க சொல்றதப் பாத்தா அடிதடி கேசு மாதிரி இருக்குது. முன்னால ஒக்காந்திருக்கறவரு போலீசு அதிகாரி வேற.'

இரண்டாவது கதை. அமைதி. மூன்றாவது கதை. இருமல். சிரிக்க வைப்பதே தொழிலாக இருப்பவனுக்குச் சிரிக்காத கூட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? அந்த நேரத்தில் கைதட்டலுக்காக அவன் எதையும் விற்பான். மேடைக்கு நான் எடுத்து வந்திருந்தது அந்தப் பதினொன்றில் ஒரு பொன்னாடை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிலாளர் சங்க ஆண்டுவிழாவில் எனக்குப் போர்த்தியது. அதைக் கையில் எடுத்தேன். தேவகி அம்மாவை மேடைக்கு அழைத்தேன். குரலைத் தாழ்த்தினேன், பிறகு உயர்த்தினேன்.

'அன்னையே! அமிர்தம் விட்டு வந்த அலைகடல் ஓரத்தில், கிள்ளையில், கண்விழித்துக் காத்திருக்கிறாள் உங்கள் குலதெய்வம்! அவள் பெயர் கரைகாத்தாள்! கரைகாத்த அம்மன்! அவள் தோளில் கிடந்த ஆடை இது! தன் பெண்ணுக்குக் கொடு என்று என் கையில் கொடுத்தனுப்பினாள்!'

பொன்னுரங்கம் என்னை ஒரு முறை பார்த்தார். சிதம்பரத்தில் படித்தவர், மேடைத்தமிழ் தெரியாதவரா? இருந்தாலும் விருந்தாளி சொன்னதை அப்படியே சொன்னார். அரங்கம் எழுந்து நின்றது. கைதட்டல் இல்லை, ஐயா. எண்ணூறு பேரும் கைகூப்பினார்கள். தேவகி அம்மா அந்த ஆடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் காலில் விழுந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரைத் தூக்கிவிட்டபோதாவது சொன்னேனா? சொல்லவில்லை. என் மனதில் அப்போது ஓடியது ஒன்றே ஒன்றுதான். அப்பாடா, பேச்சு எடுபட்டுவிட்டது!

கரைகாத்தாள் என்றொரு சாமி உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பெயர் என் வாயில் பிறந்தது, அந்த மேடையில் பிறந்தது, என் பயத்துக்குப் பிறந்தது.

நம்ம ஊராக இருந்தால் கூட்டம் கலைந்ததும் பேச்சும் கலைந்திருக்கும். அங்கே கலையவில்லை. அன்று முதல் அந்த வீட்டுப் பூசையில், ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்த இடத்தில், 'கரைகாத்தாள்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மறு வருடம் பொங்கல் கழிந்து பொன்னுரங்கத்திடமிருந்து போன் வந்தது. 'மாமா, தேவகியம்மா கோயில் சுற்றுலாவுல வர்றாங்க. மதுரை, பழனி, சிதம்பரம். சிதம்பரத்துல ஒரு நாள் கூட்டத்த வுட்டுட்டு உங்களோட கிள்ளைக்கு வரணுமாம். அம்மனுக்குப் பொடவ எடுத்துக்கினு வர்றாங்க.'

வீட்டில் நெருக்கடி நிலை. இளமதியிடம் சொன்னேன். சொன்னேன் என்ன, அவரே கறந்துவிட்டார்.

'ஏங்க, இல்லாத சாமிக்கா அந்தம்மா கடல் தாண்டி வருது?'

'திருவந்திபுரத்துக்குக் கூட்டிக்கினு போயிடட்டுமா? பெரிய கோயிலு, கெடிலம் ஓடுது, பாத்தா அசந்துடுவாங்க.'

'அது பெருமாளு கோயிலுங்க. அம்மனக் காட்டுன்னா பெருமாளக் காட்டுவீங்களா? பேசாம உண்மையச் சொல்லிடுங்க.'

'சொல்லிடறேன், சொல்லிடறேன்' என்றேன். சிதம்பரத்துக்குப் புறப்படும்போதும் சொல்லிடறேன் என்றுதான் புறப்பட்டேன். கார் சார்லஸுடையது. ஓட்டியவரும் சார்லஸ். வழியில் அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். நடராசர் கோயில் வாசலில் தேவகி அம்மா நின்றிருந்தார். தலையில் கனகாம்பரம், கையில் ஒரு துணிப்பை. காரில் ஏறியதும் பையைத் திறந்து காட்டினார். பச்சைப் புடவை. ஓரம் முழுவதும் பூவேலை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையாலேயே தைத்ததாம். ஒரு வருடத்து வெள்ளிக்கிழமைகள்!

இப்போது சொல்லலாம். இந்தத் திருப்பத்தில் சொல்லலாம். அந்தப் பாலத்தில் சொல்லலாம். இப்படியே கிள்ளை வந்துவிட்டது. உப்பங்கழிக் கரையில் கார் நின்றது. அந்தப் பக்கம் சுரபுன்னைக் காடு, அதற்கும் அப்பால் கடல் இரையும் சத்தம். 'எங்கே?' என்றார் தேவகி அம்மா. எங்கே! நான் என்ன சொல்ல?

சார்லஸிடம் தமிழில், வேகமாக, 'மச்சான், சுனாமியில பூடுச்சின்னு சொல்லிடறேன்' என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. சுனாமி வந்து அப்போது மூன்று வருடம். அவர் வகுப்பில் படித்த பிள்ளைகள் நாலு பேர் அதில் போனவர்கள். 'வேற எது வேணா சொல்லு மச்சான். கால்ல வேணா வுழறேன். அத மட்டும் சொல்லாத.'

சொன்னேன். சபையோரே, சொன்னேன்! கடலைக் கை காட்டி, 'அங்கே இருந்தது அம்மா, அலை எடுத்துக்கொண்டது' என்று சொன்னேன். பெற்றவர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த கரையில் நின்றுகொண்டு, ஒரு பொய்யை மறைக்க அந்தப் பெரும் துயரத்தைப் போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டேன்!

தேவகி அம்மா செருப்பைக் கழற்றினார். சேற்றில் மண்டியிட்டார். மடியில் புடவையை வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். எந்த மொழி தெரியாவிட்டால் என்ன? அழுகை அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த மொழி. கொஞ்ச தூரத்தில் தார்ப்பாயில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து ஓடி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். முத்தம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வந்தவர் கேள்வி கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தேவகி அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகுதான் கேட்டார்.

'யாரும்மா பூட்டாங்க உனக்கு? புருசனா, புள்ளையா?'

தேவகி அம்மா என்னைப் பார்த்தார். நடுவில் நான். இரண்டு மொழிக்கும் நான்தான் பாலம். கோயில் என்று தமிழில் சொன்னால், 'இங்க ஏது சாரு கோயிலு?' என்று அவர் கேட்டுவிடுவார். அதனால் சொன்னேன்: 'அவங்களுக்கும் சுனாமில ஒருத்தரு போயிட்டாங்கம்மா.'

முத்தம்மாளின் பிடி இறுகியது. 'எனக்குப் பொண்ணு. ஆறு வயசு. கையப் புடிச்சிக்கினுதான் ஓடனேன். திரும்பிப் பாக்கறேன், என் கை மூடன மாதிரியே இருக்குது, உள்ள புள்ள கை இல்ல. அழுவும்மா, அடக்காத. நான் அடக்கிக்கினு இருந்தேன், ஒரு வருசம் வாயில பேச்சே வரல.'

'என்ன சொல்கிறார், தம்பி?' என்றார் தேவகி அம்மா.

நான் சொன்னேன்... தாய்மார்களே, கேளுங்கள். நான் சொன்னேன்: 'கோயில் போனதற்கு அவரும் அழுகிறார்.'

தேவகி அம்மா அந்தப் பெண்ணின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். 'அழ வேண்டாம் என்று சொல். இடிந்தால் என்ன, இன்னொன்று கட்டிக்கொள்ளலாம் என்று சொல்' என்றார். ஆறு வயதுப் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம் என்றா சொல்வது? நான் அதையும் மாற்றினேன். 'கவலைப்படாத, எல்லாம் சரியாப் போய்டும்னு சொல்றாங்க.'

முத்தம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். 'அது எப்பிடி சாரு சரியாப் போவும்? போவாது. ஆனா பாவம், அவங்க சொல்றாங்க, சொல்லட்டும்.'

அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

தேவகி அம்மா பச்சைப் புடவையை விரித்து முத்தம்மாளின் தோளில் போர்த்தினார். அம்மன் இல்லை, அம்மனுக்காக அழுகிறவளாவது இருக்கிறாளே என்று நினைத்திருப்பார். முத்தம்மாள் மெதுவாக என்னிடம் கேட்டார்: 'செத்தவங்க பொடவையா சாரு?' நான் தலையாட்டினேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சார்லஸுக்கு ஆங்கிலமும் தெரியும், தமிழும் தெரியும். காரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார். தேவகி அம்மாவைச் சிதம்பரத்தில் இறக்கிவிட்டு, என்னைக் கடலூர் பேருந்தில் ஏறிக்கொள் என்று சைகை காட்டிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு வருடம் பேச்சு இல்லை. அவருக்கு என் மேல் கோபம் என்று ஊரில் பல காரணம் சொன்னார்கள். மனை விவகாரம் என்றார்கள், கட்சி விவகாரம் என்றார்கள். எல்லாம் என் காதுக்கும் வந்தது. நான் மறுக்கவில்லை. உண்மைக் காரணத்தைவிட அவை எல்லாம் எனக்கு மரியாதையாக இருந்தன!

நான் சும்மா இருந்தேனா? மேடைக்கு மேடை அந்தத் தீவைப் பற்றிப் பேசினேன். கரும்பைப் பேசினேன், காவடியைப் பேசினேன், ரூபாய்த் தாளில் தமிழைப் பேசினேன். தேவகி அம்மா என் காலில் விழுந்ததையும் பேசினேன், ஏன் விழுந்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. நீங்கள் கைதட்டினீர்கள். இந்த மன்றத்திலேயே தட்டினீர்கள்.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. உள்ளே அழைப்பிதழ். ஒரு பக்கம் பிரெஞ்சு, ஒரு பக்கம் தமிழ். தேவகி அம்மா தன் வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி, ஒரு சிறிய கோயில் கட்டியிருக்கிறார். பெயர் அருள்மிகு கரைகாத்த அம்மன் ஆலயம். குடமுழுக்குக்குத் தேதி குறித்தாகிவிட்டது. சிறப்புச் சொற்பொழிவு... யார்? சொல்லுங்கள் தம்பி, யாராக இருக்கும்? ஆமாம். 'நகைச்சுவைத் தென்றல்.'

இளமதி அழைப்பிதழைப் படித்தார். மடித்தார். என் சட்டைப் பையில் வைத்தார். 'போயி அங்கயும் பேசிட்டு வாங்க' என்றார். முப்பது வருட இல்லறத்தில் என்னை எத்தனையோ திட்டியிருக்கிறார். அத்தனையும் சேர்த்தாலும் அந்த நாலு சொல்லுக்கு ஈடாகாது.

பேச்சாளர்களே! இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்களே, பின் பேசப்போகிறவர்களே! நம்மிடம் நாக்கு இருக்கிறது. நயம் இருக்கிறது. ஒரு வாக்கியத்தை எங்கே தாழ்த்தி எங்கே உயர்த்தினால் கூட்டம் எழுந்து நிற்கும் என்ற கணக்கு இருக்கிறது. கேட்பவர் நம்மை நம்பி எழுந்து நிற்கிறாரே, அதற்கு நாம் என்ன கொடுக்கிறோம்? ஒரு தாய் தன் பிள்ளையைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையை அப்படியே அடுத்த தாயின் கையில் கொண்டுபோய்ச் சேர்க்காத தமிழ், என்ன தமிழ்? அதில் எதுகை இருந்தால் என்ன, மோனை இருந்தால் என்ன, எட்டுத் திக்கும் முழங்கினால்தான் என்ன?

போன வெள்ளிக்கிழமை தேவகி அம்மாவுக்குப் போன் செய்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னாடை சிப்காட்டில் வாங்கியது. அம்மன் என் வாயில் பிறந்தவள். அலை எந்தக் கோயிலையும் எடுக்கவில்லை. ஒலிவாங்கி இல்லாமல், உவமை இல்லாமல், ஒரு முழு உண்மையை நான் பேசியது அதுதான் முதல் முறை.

பிறகு கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. கேட்டது ஒன்றுதான். 'தம்பி, அந்தப் பெண்? நெத்திலி காயவைத்தவள்? அவளாவது மெய்யா? அவளும் உன் பேச்சா?'

'மெய்தான் அம்மா' என்றேன்.

'அப்படியானால் அன்று அவள் என்ன சொன்னாள்?'

சொன்னேன். புருஷனா, பிள்ளையா என்று கேட்டதைச் சொன்னேன். ஆறு வயதுப் பெண் என்றதைச் சொன்னேன். மூடிய கையைச் சொன்னேன். ஒரு வருடம் பேச்சு வராததைச் சொன்னேன். நீங்கள் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம் என்றதை நான் எப்படி மாற்றினேன் என்பதையும் சொன்னேன். அங்கே அவர் அழுவது கேட்டது. கிள்ளையில் அழுத அழுகை வேறு. இது வேறு.

'பிள்ளையின் பெயர் என்ன?' என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நடுவில் நின்று அத்தனையும் மாற்றி மாற்றிச் சொன்னவன், அந்த ஒன்றைக் கேட்கவே இல்லை.

'போய்க் கேட்டு வா' என்றார். வைத்துவிட்டார்.

சார்லஸ் வீட்டு வாசலில் போய் நின்றேன். 'கிள்ளைக்குப் போவணும் மச்சான். எதுக்குன்னா...' என்று ஆரம்பித்தேன். 'கார்ல ஒக்காரு' என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை காலை. முத்தம்மாள் அதே கரையில்தான் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. 'அந்தம்மா சொகமா சாரு?' என்றார். நான் முழுவதையும் சொன்னேன். கேட்டார். வெகுநேரம் தார்ப்பாயில் மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

'அப்ப அந்தம்மாவுக்கு யாரும் சாவலியா?'

'இல்லம்மா.'

'நல்லதாப் போச்சி' என்றார். முதலில் அதைத்தான் சொன்னார், சபையோரே! பிறகுதான் என் பக்கம் திரும்பினார். 'நீயெல்லாம் இன்னா மனுசன்யா? செத்தவங்க பொடவைன்னு சொல்லிட்டியே, அத்தினி பூவேலை, ஒரு நாளு கூட ஒடம்புல போடல. பெட்டிக்குள்ளயே கெடக்குது. எம்மாம் பெரிய மனுசங்க மாதிரி இருந்த, நம்பிட்டேனே.' சார்லஸ் பக்கத்தில் நின்றார். என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

'அந்தம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. உங்க பொண்ணு பேரு என்னான்னு' என்றேன்.

கை நின்றது. 'சுனாமி வந்தப்ப எத்தினியோ பேரு வந்தாங்க. எழுதிக்கினு போனாங்க, போட்டோ புடிச்சிக்கினு போனாங்க. இப்ப வருசக் கணக்கா யாரும் கேக்கறதில்ல. ஊருலயும் கேக்க மாட்டாங்க, கேட்டா நான் அழுதுடுவேன்னு.' புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 'பொன்னி சாரு. பொன்னி.'

அங்கேயே நின்று போன் போட்டேன். தேவகி அம்மா எடுத்தார். போனை ஒலிபெருக்கியில் வைத்து இருவருக்கும் நடுவில் நீட்டினேன். 'பொன்னி' என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அந்தத் தீவின் நாக்கில், தேவகி அம்மா சொன்னார்: 'பொன்னி.' முத்தம்மாளுக்குக் கேட்டது. அவர் போன் பக்கம் குனிந்து, 'ஆமாம்மா, பொன்னி' என்றார். அவர் திரும்பச் சொன்னார். இவர் திரும்பச் சொன்னார். எத்தனை முறை என்று தெரியாது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

கோயில் என்ன ஆகும்? தெரியாது. அவர் சொல்லவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. சிறப்புச் சொற்பொழிவுக்கு வரமாட்டேன் என்று பொன்னுரங்கத்திடம் சொல்லிவிட்டேன்.

சிரிக்கலாம் என்று வந்தவர்களை ஏமாற்றியதற்குப் பொறுத்தருளுங்கள். இதுவரை சைக்கிளை மிதிக்காமல் நின்ற தம்பிகளுக்கு நன்றி. இடம் கொடுத்த மன்றத்துக்கு நன்றி. இடித்துரைத்த இளமதிக்கும், காரில் ஏற்றிக்கொண்ட சார்லஸுக்கும் நன்றி. தாய்மார்களே, வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு முறை, மனதுக்குள் போதும், கிள்ளைக் கரையில் ஆறு வயதில் போன அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு போங்கள். கைதட்ட வேண்டாம். உங்கள் எல்லோரையும் வணங்கி, இத்துடன் வாயை மூடிக்கொள்கிறேன்.